சுமைதாங்கி வரைக்கும் குதிரை

குதிரைமேல் உட்கார்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும். இது எட்டு வயதில் நானே கண்டுபிடித்த விஷயம். எங்கள் பக்கத்துக் கள்ளி வேலி ஆள் உயரத்துக்கு மேலே போகும். நடந்து போகிறவளுக்கு வழி நெடுக முள்ளும் புழுதியும்தான். குதிரைமேல் போகிறவளுக்கு எந்தக் கிணற்றில் ஏற்றம் ஓடுகிறது, எவன் காட்டில் களை எடுக்காமல் கிடக்கிறது, எந்த வீட்டுக்காரி அவரைப் பந்தலுக்கு அடியில் நின்று யாரைத் திட்டுகிறாள், எல்லாம் தெரியும். அந்த உயரத்தைப் பன்னிரண்டு வயதில் இழந்தேன். பிறகு பதினோரு வருஷம் அதற்காக ஏங்கினேன். நகைக்கு ஏங்கினால் ஊருக்குப் புரியும், பிள்ளைக்கு ஏங்கினால் கோயிலுக்குப் போகச் சொல்வார்கள். குதிரைக்கு ஏங்குகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பென்னாகரத்துக்கு அப்பால் ஏரியூர்ப் பக்கத்துக் கிராமங்கள் அவர் பொறுப்பு. பஸ் கிடையாது, ரோடு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. அந்த உத்தியோகத்துக்குக் குதிரை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது, அதற்கென்று படியும் வந்தது. அப்பா வாங்கியது ஒரு செந்நிற மட்டக்குதிரை. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "குதிரைக்கு சர்க்கார் படியளக்குது. குதிரைக்காரரைக் கட்டிக்கிட்ட எனக்கு யாரு அளக்கறாங்க?" என்று கொள்ளு வேக வைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்த சமயத்தில், வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், அப்பா பயிர் பார்க்கப் போகிறபோது என்னையும் கூட்டிப் போனார். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் நான் தனியாக ஏறி உட்கார, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். "குதிகால கீழ எறக்கு" என்பதுதான் அவர் சொன்ன ஒரே பாடம். மற்றதைக் குதிரையே சொல்லிக் கொடுத்துவிட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே கிடக்கிற காட்டு வழியில்தான் எனக்குக் குதிரை. ஊர் எல்லை கண்ணில் பட்டதும், "பாப்பா, எறங்கு. ஊரு வந்துருச்சு" என்பார். நான் இறங்குவேன், அவர் ஏறுவார். எல்லையில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். சர்க்கார் அதிகாரி குதிரைமேல் வந்தால்தான் அவர்களுக்கு மரியாதை. பொட்டைப் பிள்ளை குதிரைமேல் வர, அதிகாரி புழுதியில் நடந்து வந்தால் அப்புறம் எவன் வரி கட்டுவான்? நான் தலையாரியோடு பின்னால் நடந்து ஊருக்குள் போவேன். ஒரு நாளைக்கு நாலு ஊர் என்றால் நாலு தடவை இறங்கியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் கால் தானாக இந்தப் பக்கம் வந்துவிடும்.

பன்னிரண்டு வயதில் பெரியவளானேன். பச்சை ஓலைக் குடிசையில் உட்கார வைத்தார்கள். சடங்கெல்லாம் முடிந்து வெளியே வந்த அன்று நேராகக் கொட்டடிக்குப் போய்க் குதிரையின் கழுத்தைத் தடவினேன். அப்பா வந்து நின்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். "இனிமே வேண்டாம் பாப்பா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடுத்த வருஷம் வேறு இடத்துக்கு மாற்றலாகி, குதிரையை விற்றார்கள். வாங்கியவன் அதை நடத்திக்கொண்டு போனதைக்கூட நான் பார்க்கவில்லை. உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பதினாறு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை வாத்தியார். பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைலில், பாப்பிரெட்டிப்பட்டி போகிற சாலையில் இருந்த ஊர் அவருடையது. ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சம்பளத்தில் என்ன குடித்தனம் நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்பார்கள். எனக்குக் கழுதைகூட வாய்க்கவில்லை.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பை மாட்டி ஓட்டினார்கள். அது பாதி நாள் ஓடாது. அதனால் எங்கள் ஊர் ஜட்காவுக்கு மறுபடி மவுசு வந்தது. ஜட்காக்காரர் வீடு எங்கள் கொல்லைக்குப் பின்னால். நாற்பது வயது இருக்கும். அவருடைய குதிரை சாம்பல் நிறம், குட்டை, வயிறு பெருத்தது, ஒரு காது நுனியில் கிழிந்திருக்கும். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்த நாளும் உண்டு.

காலை ரயில் மலைத் திருப்பத்தில் ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும்தான் ஜட்காக்காரர் வண்டியைக் கிளப்புவார். ரயில் ஸ்டேஷனுக்கு வந்து ஆட்கள் இறங்கி வெளியே வருவதற்குள் வண்டி அங்கே போய் நிற்கும். இது குதிரைக்கும் தெரியும். ஊதல் கேட்டால் கட்டின இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைக்கும்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஜட்காவின் ஒரு சக்கரத்தில் இரும்புப் பட்டா அறுந்துபோயிற்று. இரும்பெல்லாம் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்த நாள். கொல்லர், "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். சக்கரம் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஜட்காக்காரர் வேறு வழியில்லாமல் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்கு மூட்டை தூக்கப் போனார். ஒரு நாள் கொல்லையில் குதிரையின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே புலம்பினார்.

"நின்னுக்கிட்டே கெடக்குதுங்க வாத்தியாரம்மா. நின்ன குதிரைக்குக் காலு வீங்கிக்கும். நான் விடியறதுக்கு முன்னாடி போயிர்றேன், பொழுது சாய வர்றேன். யாரு இத நடத்தறது?"

"நான் நடத்தறேங்கண்ணா" என்றேன். நினைத்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "மாடு மாதிரி இல்லீங்கம்மா இது."

"எனக்கு ஏறவே தெரியும்."

சிரிப்பு நின்றது. என்னை ஒரு தரம், குதிரையை ஒரு தரம் பார்த்தார். "இதும் முதுவுல இதுவரைக்கும் ஒரு ஆளு ஏறுனதே இல்லீங்களே. இது வண்டிக் குதிரைங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாடகை கொடுக்க என்னிடம் ஏது? கொள்ளு கொடுக்கிறேன் என்றேன். எங்கள் மானாவாரி நிலத்தில் விளைந்தது ஒரு குதிர் இருந்தது. தினம் வேக வைப்பேன். கொள்ளு குதிரைக்கு, வடித்த தண்ணீர் எங்களுக்கு ரசம். அம்மா இருந்த இருப்புக்கே நானும் வந்து சேர்ந்தேன், ஆனால் திட்டாமல் வேக வைத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் செய்ய மனசு ஒப்பவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவர் பிசைந்த கையை நிறுத்திவிட்டார்.

"நாலு பேரு பாத்தா?"

"நாலு பேரு பாக்காத நேரத்துல, ஏரிக்குள்ளதான் போவேன்."

"அஞ்சாவது ஆளு மானேஜரா இருந்துட்டா?"

அது வெறும் பயம் இல்லை. பள்ளிக்கூடத்து மானேஜர், சீட்டாடினார் என்று ஒரு வாத்தியாரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர். பெண்டாட்டி குதிரை ஏறுகிறாள் என்றால் எங்களையும் அனுப்பிவிடுவார். சாப்பிட்டு முடித்தார் என் வீட்டுக்காரர். கை கழுவியவர், பெட்டியைத் திறந்து ஒரு பழைய வேட்டியை எடுத்து என் மடியில் போட்டார். "சேலைய மட்டும் கட்டிக்கிட்டு ஏறி உழுந்து தொலைக்காத" என்றார். ஊரில் அவரைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும். விடிகிற நேரத்தில் குதிரையைப் பின் வழியாகக் கூட்டிப் போய்க் கரையைத் தாண்டி உள்ளே இறக்கினேன். புடவையை இழுத்துச் செருகி, மேலே வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். சேணம் கிடையாது. கோணிச் சாக்கை நாலாக மடித்துக் கயிற்றால் கட்டியதுதான் சேணம். மதகுக் கல்மேல் நின்று காலைத் தூக்கிப் போட்டேன். பதினோரு வருஷம் கனவில் ஏறிய ஏற்றமெல்லாம் எங்கே போயிற்றோ, அந்தப் பக்கமாகச் சரிந்து வண்டல் மண்ணில் விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தபோது அது வேறு வாலால் முகத்தில் ஒரு அடி கொடுத்தது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

இரண்டாம் தடவை உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? குதிரையின் சூடு தொடையில் ஏறியது, காது இரண்டும் முன்னால் நின்றன, அவ்வளவுதான், அழுதேன்.

ஆனால் குதிரை நகரவில்லை. குதிகாலால் தட்டினேன். கடிவாள வாரை ஆட்டினேன். நாக்கால் 'ட்ட ட்ட' என்றேன். நாலு அடி வைக்கும், நிற்கும், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். மறுபடி நாலு அடி, மறுபடி திரும்பிப் பார்க்கும். மூன்று நாள் இப்படியே. எனக்குக் கோபம் வந்து, "உன்னையெல்லாம் குதிரைன்னு எவன் சொன்னான்?" என்று திட்டினேன். தப்பு என் பேரில்தான். அப்பாவின் குதிரைக்குப் பேசுகிற பேச்சை நான் இதனிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஜட்காக்காரர் ஓட்டுகிறபோது சவுக்குக் காம்பைச் சக்கரத்து ஆரக்காலில் கொடுப்பார், கடகடவென்று சத்தம் வரும், குதிரை பறக்கும். கண்பட்டை கட்டின குதிரைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் காது வழியாகத்தான் தெரியும். சத்தம் இல்லை என்றால் வண்டி இல்லை. வண்டி கழன்று விழுந்துவிட்டதோ என்று அது பாவம் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறது.

பல்பொடி டப்பா ஒன்றில் கூழாங்கல் ஏழெட்டைப் போட்டு மூடி, இடுப்பில் கட்டிக்கொண்டேன். குதிரை ஒரு அடி வைத்தது, டப்பா கலகலத்தது. இன்னொரு அடி, இன்னும் கலகலப்பு. காதை விறைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்ததே பார்க்க வேண்டும்! ஓடினால் சத்தம், சத்தம் கேட்டால் ஓட்டம். ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றோம்.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. கால் வீக்கம் வடிந்தது. சேலையில் ஒட்டியிருக்கிற சாம்பல் மயிரை வீட்டுக்காரரே தட்டிவிடுவார். நான் சந்தோஷமாக இருந்தேனா என்றால், இருந்தேன். ஆனால் முழுசாக இல்லை. ஏரிக்குள் வேலி கிடையாது. குதிரைமேல் இருந்து சுற்றிலும் பார்த்தால் கரைதான் தெரிந்தது, கரைக்குமேல் சித்தேரி மலையின் உச்சி தெரிந்தது. நான் கேட்ட உயரம் இது இல்லை. குதிரை கிடைத்துவிட்டது, வழி கிடைக்கவில்லை. சாலையில், இரண்டு பக்கமும் வேலி ஓட, ஒரே ஒரு தடவை போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. மானேஜர் முகத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அப்போது அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவர் பென்ஷன் வாங்கித் தர்மபுரியில் இருந்தார். "நாளன்னைக்குக் காலை வண்டியில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன்" என்று எழுதியிருந்தார். தேதி போடாமல் ஒரு காகிதத்தையும் நகர்த்தாத மனிதர், மகளுக்கு எழுதுகிற கார்டில் மட்டும் தேதி போட மாட்டார். கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து நான் எண்ணினேன். அவர் எழுதின நாளிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். யுத்த காலத்துத் தபால் ஒரு நாள் பிந்தியிருக்கிறது என்று தோன்றவில்லை.

அப்பா வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் குதிரை ஏது? அவர் போவதற்குள் சக்கரமும் வந்துவிடும். ஆகவே மறுநாள்தான் கடைசி என்று முடிவு செய்துகொண்டு போனேன். கடைசி என்றால் மனசு சீக்கிரம் இறங்குமா? வெயில் ஏறிய பிறகும் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

மலைத் திருப்பத்தில் ரயில் ஊதியது.

குதிரை என்னைக் கேட்கவில்லை. ஒரே பாய்ச்சலில் கரை ஏறி, சாலைக்கு வந்து, பொம்மிடியைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. வாரை இழுத்தேன். இழுக்க இழுக்க ஓடியது. டப்பா சும்மா இருக்குமா? அதுவும் தன் பங்குக்குக் கடகடத்தது. அவிழ்த்து எறியலாம் என்றால் கையை எடுத்தால் விழுவேன். ஐயோ, மானேஜர், வேலை, மானம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம். ஆனால் அந்த அடிப்புக்கு நடுவிலே இரண்டு பக்கமும் பார்த்தேன் என்பதும் நிஜம். வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது. கேழ்வரகு அடிக்கிற களம் தெரிந்தது. ஆமணக்குக் காட்டில் ஒருத்தி நிமிர்ந்து வாயைத் திறந்தபடி நின்றதும் தெரிந்தது.

ஸ்டேஷன் வாசலில், புளியமரத்தடியில், ஜட்கா வழக்கமாக நிற்கிற இடத்தில், குதிரை ஒரு அரை வட்டம் அடித்து, பயணிகள் ஏறுவதற்குத் தோதாகப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வண்டி இல்லை, நான்தான் இருந்தேன். ரயிலிலிருந்து இறங்கிய பத்துப் பதினைந்து பேரும் மூட்டையோடு நின்று பார்த்தார்கள். இறங்கிவிடலாம் என்றால் வேட்டியும் புடவையும் இருந்த கோலத்தில் உட்கார்ந்திருப்பதைவிட இறங்குவது அதிகக் கேவலம். அதனால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கூட்ஸ் கொட்டகையிலிருந்து ஜட்காக்காரர் ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்தார். "நான்தாங்க கொண்டாரச் சொன்னேன்! வைத்தியருகிட்ட காட்டோணுமுங்க!" என்று யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் சொன்னார். அவருக்குப் பின்னால், கையில் டிரங்குப் பெட்டியும் கக்கத்தில் குடையுமாக அப்பா நின்றிருந்தார்.

முதலில் குதிரையைத்தான் பார்த்தார். காலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கோணிச் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற மாட்டு வண்டி ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தி, பெட்டியை ஏற்றி, வண்டியின் பின்பக்கத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வண்டி நகர்ந்தது, ஜட்காக்காரர் கடிவாளத்தை விட்டார். சக்கரச் சத்தம் கேட்டதும் குதிரை சாதுவாக அதன் பின்னாலேயே நடந்தது.

இப்படியாக ஒன்றரை மைல். அவர் என்னைப் பார்த்தபடி வண்டியில், நான் அவரைப் பார்த்தபடி குதிரையில், நடுவில் பத்தடி புழுதி. இரண்டு பேருக்கும் வேறு எங்கும் பார்க்க வழியில்லை. அவர் தலை நரைத்திருந்தது, தாடை தொங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, தொங்கின தன் காலைப் பார்த்தார். குதிகாலை மெல்லக் கீழே அழுத்தி அப்படியே வைத்துக்கொண்டார். நான் என் குதிகாலை இறக்கினேன். உடம்பு தானாக நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் முகத்தைத் திருப்பி வேலிப் பக்கம் பார்த்தார். எனக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, அவருக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. அது கண்ணில் பட்டது. இருபத்துமூன்று வயதுப் பெண், கல்யாணமாகி ஏழு வருஷமானவள், அந்த வார்த்தைக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். கல்லுக்கு அப்பால் முதல் வீடு, அங்கே நெல் குத்துகிற பெண்கள், அடுத்த தெருவில் பள்ளிக்கூடம். இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று பார்த்தேன். மாட்டு வண்டி கல்லைத் தாண்டியது. அப்பா குடையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லவில்லை. என் கால் தானாக இந்தப் பக்கம் வந்துவிட்டது. இறங்கிப் புழுதியில் நின்றேன். டப்பா ஒரு தடவை கலகலத்து அடங்கியது.

அப்பா வண்டிக்காரரை நிறுத்தச் சொன்னார். குடையை ஊன்றி இறங்கி, நான் நிற்கிற இடத்துக்கு நடந்து வந்தார். என் கையிலிருந்த கடிவாளத்தைப் பார்த்தார்.

"நான் சொல்லலையே. ஏம் பாப்பா எறங்கிட்ட?" என்றார்.